மல்லிகைக்காரனிடம் கேட்ட கேள்வி

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்றறிந்து சந்தோஷம். தங்கச்சிமடத்தில் எல்லோரும் நலம். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. கப்பல் வந்தால் நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறுவதைப் பார்க்கவே கூட்டம் நிற்கிறது.

சரி, உன் பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கும் கஞ்சாச் செடிக் கதைக்கு வருகிறேன். உங்கள் ஒன்டாரியோவில் 2018 அக்டோபரிலிருந்து வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி வளர்க்கலாம். இங்கே 1985 போதைப்பொருள் சட்டப்படி ஒரு செடி வைத்தாலும் கம்பி எண்ண வேண்டியதுதான். அதனால் அந்தச் செடியில் எனக்குக் கைப்பழக்கம் கிடையாது. ஆனால் நுனியை வெட்டினால் மகசூல் கூடுமா என்று கவாத்து வெட்டியே காலம் தள்ளுகிறவனிடம் கேட்டாய் பார், அது சரி.

வெட்டுவதால் மட்டும் எந்தச் செடியும் கூடுதலாகக் காய்க்காது, பூக்காது. நுனிக்கொழுந்தில் ஊறும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனால் அவை கிளம்பும். கிளம்பியதை வளர்க்க இலை வேண்டும், வெயில் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே நாள் வேண்டும்.

மல்லிகைக்கு அந்த நாள் இருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பருக்குள் தண்ணீரை நிறுத்திக் காயப்போட்டு, ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி இறக்குவோம். காய்ந்த வாது, நோய் விழுந்தது, குறுக்கே ஓடுவது எல்லாம் போய்விடும். திடமான குச்சிகளை நாற்றுக்கு ஊன்றுவோம். அதுதானே நம்மூர்ப் பிழைப்பு. தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விட்டால், வெட்டுக்குக் கீழே கணுவின் இருபுறமும் எதிரெதிராகக் கடுகளவு பச்சை எட்டிப் பார்க்கும். அந்தப் புதுக்கொழுந்தின் நுனியில்தான் மார்ச்சில் மொட்டு வரும். பழைய வாதை அப்படியே விட்டால் செடி முற்றி விறகாகும், பூ குறையும்.

கஞ்சா அப்படியில்லை, ஒரு பருவத்தோடு முடிகிற செடி. இரவு நீளத் தொடங்கினால் பூ எடுக்கும், பனி கொட்டுமுன் அறுத்தாக வேண்டும். கிள்ளுவதானால் இளசிலேயே கிள்ள வேண்டும். படர்ந்து நாலைந்து தலை வரும், எல்லாத் தலைக்கும் வெயில் படும். பூ எடுத்த பிறகு கத்தரி வைத்தால் நட்டம்தான். இரவு நீளக் காத்திராமல் வயதுக் கணக்கில் தானாகப் பூக்கும் ரகம் என்றால் சும்மா விடுவதே மேல், அதற்குத் தேறி எழ நேரமில்லை. இலையை மொட்டையடிப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. செடிக்கு உணவு சமைக்கிற இலையை உருவிவிட்டுப் பூவுக்கு எதை ஊட்டுவது?

அவர் நம்பவில்லையென்றால் ஒரே ரகத்தில் இரண்டைக் கிள்ளி இரண்டை விடச் சொல். காயவைத்து நிறுத்துப் பார்க்கட்டும்.

நீ தையில் வருவதானால் நல்ல கவாத்துக் கத்தரி ஒன்று வாங்கி வா. இங்கே கிடைப்பது உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடுகிறது. ஸ்பிரிங் தனியாகக் கிடைத்தால் அதிலும் இரண்டு.

உன் மச்சான்