சிறைக் கோப்புகளில் வயதைத் தேடுங்கள்: சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சிறு வயதில் கொலை செய்து ஆயுள் தண்டனை பெற்றவருக்கு மறுவாய்ப்பு கொடுக்கலாமா என்ற விவாதம் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. நம் நாட்டில் அதற்குச் சட்டம் விடை சொல்லிப் பல காலமாகிவிட்டது. குற்றம் நடந்த நாளில் பதினெட்டு வயது நிறையாத எவருக்கும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ விதிக்கக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. வழக்கு முழுவதுமாக முடிந்துபோன பிறகும், எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும் 'அப்போது நான் சிறுவன்' என்று முறையிடலாம் என்கிறது 9ஆம் பிரிவு. இவ்வளவு தெளிவாக எழுதி வைத்த பிறகும் சிறுவர்களாக இருந்தவர்கள் பெரியவர்களுக்கான சிறையில் நரைத்துப்போயிருக்கிறார்கள். அதனால்தான், வசதியற்றவர்களுக்கு இலவசச் சட்ட உதவி செய்யும் உங்களுக்கு இந்த மடல்.

1994இல் டேராடூனில் ஒரே வீட்டில் மூவர் கொல்லப்பட்டார்கள். குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர், தான் வயது நிரம்பாதவன் என்று விசாரணை நீதிமன்றத்திலேயே சொன்னார். அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருந்ததைக் காரணம் காட்டி, பெரியவர்தான் என்று முடிவு கட்டினார்கள். தூக்கு விதித்தார்கள். மேல்முறையீடு, சீராய்வு எதுவும் பலிக்கவில்லை. 2012இல் குடியரசுத் தலைவர் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். ஆனால் அறுபது வயதுவரை விடுவிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. கடைசியில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆவணங்களைப் பார்த்து, குற்றம் நடந்தபோது அவருக்கு வயது பதினான்குதான் என்று கண்டு விடுதலை செய்தது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன. நீதிமன்றங்கள் செய்த பிழைக்கு இவர் துன்பப்பட்டார் என்று அந்த அமர்வே எழுதியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எம்.எம்.சுந்தரேஷ், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவர்.

புனே வழக்கு இதைவிடக் கடுமையானது. அதுவும் 1994. ஒரே வீட்டில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இரண்டு குழந்தைகள். தூக்குத் தண்டனை பெற்றவர்களில் ஒருவர் ராஜஸ்தானிலிருந்து வந்தவர். பள்ளிப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர். நீதிமன்றக் கோப்பில் வேறொரு பெயர். இரண்டும் ஒருவரே என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு, அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதுதான் என்று 2023 மார்ச்சில் முடிவாகும்போது 28 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஆக்ரா மத்திய சிறையில் நடந்ததோ இன்னும் விசித்திரம். பதின்மூன்று பேரைக் குற்றம் நடந்தபோது சிறுவர்கள் என்று, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமமே அறிவித்தது. அதன் பிறகும் அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2021இல் இடைக்கால ஜாமீன் கொடுத்த பிறகே கதவு திறந்தது.

அமெரிக்காவில் பதினைந்து வயதில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர் 68 ஆண்டுகள் கழித்து, 2021இல், பென்சில்வேனியாவில் விடுதலையானார். அங்கே சட்டமே அப்படி இருந்தது. இங்கே சட்டம் நல்லபடியாக இருக்கிறது. கோப்பைப் புரட்டத்தான் ஆளில்லை.

ஆளில்லாமல் போவது எப்படி என்பது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குக் கொஞ்சம் தெரியும். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வந்த பிள்ளைகள்தான் அந்நாளில் அதிகம். வலக்கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது. 'பெரிய மழை பெய்த வருஷம் பிறந்தான்' என்பார் பாட்டி. ஜூன் மாதச் சேர்க்கைக்குத் தோதாக ஒரு தேதி பதிவேட்டில் ஏறும். நாலு வயதுப் பிள்ளை பலமுறை ஐந்து வயதுப் பிள்ளையாகியிருக்கிறது. அரசு வேலைக்கு உதவுமென்று வயதைக் குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. வயதை நிர்ணயிக்கப் பள்ளி ஆவணத்தை முதலில் பாருங்கள் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஆவணம் எப்படி உருவானது என்று தெரிந்தவர்கள் அருகில் இருந்தால்தான் அதைச் சரியாகப் படிக்க முடியும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பையன் ஒரு கொலை வழக்கில் சிக்குகிறான் என்று வையுங்கள். அவன் கையில் மாற்றுச் சான்றிதழ் இருக்காது. காவல் நிலையத்தில் ஆளைப் பார்த்து 'சுமார் 19' என்று எழுதுகிறார்கள். அந்தச் 'சுமார்' குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, சிறைப் பதிவேடு எல்லாவற்றுக்கும் அப்படியே நகலாகிறது. அவனுக்காக வாதாடும் வழக்கறிஞர் சாட்சிகளை உடைப்பதில் கவனமாக இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு யாரும் போவதில்லை. எலும்புப் பரிசோதனையோ இரண்டு ஆண்டுகள் முன்பின் காட்டக்கூடியது. நாற்பது வயதானவரிடம் அதைச் செய்தால் அந்த அளவுக்குக்கூட நம்ப முடியாது.

இன்னொரு கூட்டமும் உண்டு. 1986ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஆண்பிள்ளைகளுக்குப் பதினாறோடு சிறுவப் பருவம் முடிந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைப் பதினெட்டாக்கியது. அது நடைமுறைக்கு வந்த 2001 ஏப்ரலுக்கு முன்பு குற்றம் செய்த பதினேழு வயதுக்காரருக்கும் இந்தப் பலன் உண்டு என்பதை 2006 திருத்தமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கின. அதற்கு முன்பே தண்டனை பெற்று உள்ளே போனவரிடம் இதை யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

இதை எழுதும்போது எனக்கே நெருடும் இடம் ஒன்று இருக்கிறது. சிறுவன் என்று முடிவானால், பழைய வழக்குகளில் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் சிறாருக்கான சிறப்பு இல்லம், அவ்வளவுதான். ஏழு உயிருக்கு மூன்று ஆண்டா என்று அந்தப் புனே குடும்பத்தில் எஞ்சியவர் கேட்டால் என்னிடம் ஆறுதல் சொல் இல்லை. தில்லிப் பேருந்தில் 2012இல் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமையில் பதினெட்டு நிறையாத ஒருவனும் இருந்ததால் எழுந்த கோபத்தில்தான், பதினாறு நிறைந்தவர்களைக் கொடுங்குற்றங்களுக்குப் பெரியவர்களைப் போல விசாரிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அந்தக் கோபத்தில்கூட நாடாளுமன்றம் 21ஆம் பிரிவை விட்டுக்கொடுக்கவில்லை. என்னிடம் படித்துப் போன பையன்களைப் பதினான்கு, பதினைந்து வயதிலும் ஊரில் பார்த்தவன் என்ற முறையில் அது சரியென்றே நினைக்கிறேன். கூட்டாளி சொன்னால் கிணற்றில்கூடக் குதிக்கும் வயது அது. அதே பையன் முப்பது வயதில் முன்னால் வந்து நிற்கும்போது அடையாளம் தெரியாமல் விழித்திருக்கிறேன்.

தலைவர்களின் பிறந்தநாளையொட்டி ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவிக்கும் வழக்கம் நம் மாநிலத்தில் இருக்கிறது. 2021இல் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 பேர் என்று அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் அது அரசின் கருணை. இன்னின்ன குற்றம் என்றால் கிடையாது என்று அரசாணை சொல்லிவிடலாம். நான் கேட்பது அந்தப் பட்டியலில் இடம் அல்ல. குற்றம் எதுவானாலும், வயதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1920இல். அந்தப் பெருமையை மேடையில் சொல்லிக்கொள்வதைவிட இந்த வேலையைச் செய்யலாம்.

புழல் தொடங்கி பாளையங்கோட்டை வரை ஒவ்வொரு மத்திய சிறையிலும் ஆயுள் கைதிகளின் கோப்புகளை எடுத்து, குற்றம் நடந்த தேதியில் வயது 18 முதல் 22 என்று எழுதப்பட்டவர்களைத் தனியே பிரித்தெடுங்கள். மனு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனு எழுதத் தெரிந்திருந்தால் அவர்கள் இத்தனை காலம் உள்ளே இருந்திருக்க மாட்டார்கள். வட்ட அளவில் உங்களிடம் உள்ள சட்டத் தன்னார்வலர்களை அந்தக் கைதிகள் படித்த பள்ளிக்கு அனுப்புங்கள். பள்ளி மூடப்பட்டிருந்தால் பதிவேடு எங்கே போனது என்று கல்வி அலுவலகத்தில் தேடச் சொல்லுங்கள். கரையான் தின்ற பக்கங்களும் இருக்கும், அதற்குள் விரைவது நல்லது. வட மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்து இங்கே தண்டனை பெற்றவர்களை மறந்துவிடாதீர்கள். அவர்களுடைய ஊர் ஆவணங்களை அந்தந்த மாநில ஆணைக்குழு மூலம்தான் பெற முடியும். யாரையாவது விடுவிக்க நேர்ந்தால், இறந்தவரின் குடும்பத்துக்கு அதைச் செய்தித்தாள் சொல்வதற்கு முன் நீங்கள் நேரில் போய்ச் சொல்லுங்கள். வெளியே வருபவருக்குத் தங்க இடமும் ஆதார் அட்டையும் ஒரு பிழைப்பும் வேண்டும். டேராடூன் வழக்கில் அந்தப் பொறுப்பை உச்ச நீதிமன்றம் உத்தரகண்ட் ஆணைக்குழுவிடம்தான் ஒப்படைத்தது.

பழைய சேர்க்கைப் பதிவேடுகளின் கையெழுத்தையும் கணக்கையும் படித்துச் சொல்ல ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். ஊதியம் வேண்டாம், பஸ் கட்டணம் கொடுத்தால் போதும். எங்கள் மாவட்டத்தில் யார் யார் வருவார்கள் என்று கேட்டு எழுதிவைத்த பட்டியலை இத்துடன் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்