எத்தனை மணிக்குச் செய்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மென்பொருள் வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பைத்தான், ஜாவா, கிளவுட் என்று பட்டியல் நன்றாகத்தான் இருந்தது. இந்த வேலையில் எனக்கு 19 வருடம் ஆகிறது. அந்தப் பட்டியலில் பாதியை நான் சேர்ந்த காலத்தில் யாரும் கேட்டதில்லை. அன்று நான் படித்ததில் பாதியை இன்று யாரும் கேட்பதில்லை. பட்டியலில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தப்பு செய்துவிட்டால் உடனே வாயைத் திறக்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரே ஒரு வாடிக்கையாளரின் முகவரியை மாற்றச் சொன்னார்கள். நேராக, வாடிக்கையாளர்களின் நிஜத் தகவல்கள் இருக்கும் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸில் பதிவை மாற்றும் அப்டேட் கட்டளையை எழுதினேன். யாருடைய பதிவு என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) வரியையும் எழுதியிருந்தேன். ஆனால், மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஓட்டியபோது அந்தக் கடைசி வரி மட்டும் அதில் சேரவில்லை. 1 பதிவு மாறியது என்று வர வேண்டிய இடத்தில் 41,862 என்று வந்தது. அத்தனை பேரும் ஒரே நொடியில் ஒரே வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள்.

சரி, யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடலாம் என்று பழைய முகவரிகளைத் தேட ஆரம்பித்தேன். அப்படியே நாற்பது நிமிடம் போனது. அதற்குள், பில் அனுப்பும் ப்ரோக்ராம் தன் பாட்டுக்கு ஓடி, எல்லா பில்லிலும் அந்த ஒரே முகவரியைப் போட்டுவிட்டது. முதல் நிமிடமே சொல்லியிருந்தால் அதையாவது நிறுத்தியிருப்பார்கள். என் மேலாளர் திட்டவில்லை. “எத்தனை மணிக்குச் செஞ்சீங்க?” என்று மட்டும் கேட்டார். எந்த நேரத்து பேக்கப்பை, அதாவது முன்பே எடுத்துவைத்த நகலை, எடுப்பது என்று முடிவு செய்யத்தான் அந்தக் கேள்வி. நல்லவேளை, பேக்கப் உருப்படியாக இருந்தது.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்க உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது மாறிப்போய், முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரையே அழித்துவிட்டார். உடனே நிறுத்தியும், சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால் அதுவும் இல்லை. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போடு ஒத்துப்போகாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் திரும்பிக்கொண்டிருந்தன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. இதெல்லாம் எங்களுக்குத் தெரிய வந்ததே, மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டி, நடந்ததை விவரமாக எழுதி வெளியிட்டதால்தான்.

இப்போதெல்லாம் முதலில் பதிவுகளை எடுத்துக் காட்டும் செலக்ட் கட்டளையைப் போட்டு எண்ணிக்கையைப் பார்க்காமல் நான் எதையும் மாற்றுவதில்லை. ட்ரான்ஸாக்‌ஷன் (தப்பானால் மாற்றத்தை ரத்து செய்ய வழி தரும் ஏற்பாடு) இல்லாமல் கை வைப்பதும் இல்லை. ‘எங்களிடம் பேக்கப் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், கடைசியாக எப்போது அதிலிருந்து தகவலை மீட்டு (ரீஸ்டோர் செய்து) பார்த்தீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இளைஞர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. வாய் திறந்து ஒப்புக்கொண்டவருக்கு வருட முடிவில் மதிப்பெண்ணைக் குறைக்கிற அலுவலகங்களை நானே பார்த்திருக்கிறேன். அங்கே புதிதாகச் சேருகிறவர் முதலில் கற்றுக்கொள்வது செய்ததெல்லாம் பதிவாகும் லாகை அழிப்பதைத்தான்.

போன மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் வெளிறிய முகத்தோடு என் மேஜைக்கு வந்தான். டேட்டாபேஸில் ஒரு டேபிளையே (தகவல் அட்டவணையையே) காலி செய்துவிட்டானாம். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். “மூணு நிமிஷம் ஆச்சு” என்றான். தானாக ஓட இருந்த இரண்டு ப்ரோக்ராம்களை நிறுத்தி, பேக்கப்பிலிருந்து மீட்டோம். அன்று எல்லோரும் வழக்கமான நேரத்துக்கே வீட்டுக்குப் போனோம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
மென்பொருள் பொறியாளர்