குளத் திருப்பணி முடிந்தது: காசு ஏன் இரண்டு தடவை செலவானது?

அங்கத்தினர் அனைவருக்கும் வணக்கம். குளத் திருப்பணி ஒருவழியாக முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கை மண்டப வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோம், ஒவ்வொரு ராண்டுக்கும் ரசீது இருக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் பொருளாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரே குளத்துக்கு எதற்கு இரண்டு தடவை செலவு என்று வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கேட்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால், 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மழை. டர்பனில் கழிவுநீர் பம்புகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் சேதமாகி, ஆறுகளிலும் கடலிலும் சாக்கடை கலந்து, கடற்கரைகளையே மூடினார்கள். நம் குளத்திலும் மேட்டிலிருந்து சேறும் சாக்கடையும் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. அடுத்த கோடையில், தைப்பூசக் காவடிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, தண்ணீர்மேல் பச்சை பெயிண்ட் கொட்டியதுபோல் ஆடை படர்ந்தது. அடிச்சேற்றைக் கம்பால் கிளறினால் அழுகின முட்டை நாற்றம்.

கிருமிதானே, கொன்றுவிட்டால் போச்சு என்று பிளீச்சிங் பவுடரை மூட்டை மூட்டையாகக் கொட்டினோம். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இரண்டு நாள் தண்ணீர் பளிச்சென்று இருந்தது, மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன, மூன்றாவது வாரம் அதே பச்சை முன்னைவிடத் தடிப்பாக வந்து உட்கார்ந்தது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. ஒரு கை சேற்றில் எண்ணற்ற வகை பாக்டீரியா ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் எது தலைதூக்கும், எது அடங்கிக் கிடக்கும் என்பதை நாம் போடும் தீனியும், காற்றும், வெயிலும்தான் முடிவு செய்கின்றன. அழுகும் பொருள் அதிகமானால் அதைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை முதலில் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு நைட்ரேட்டை வைத்து மூச்சுவிடும் கூட்டம், அதுவும் தீர்ந்தால் சல்பேட்டை வைத்து மூச்சுவிடும் கூட்டம். முட்டை நாற்றம் இந்தக் கடைசிக் கூட்டத்தின் வேலை. அது விடும் ஹைட்ரஜன் சல்பைடு சேற்றிலுள்ள இரும்போடு சேர்வதால்தான் அடிமண் மை மாதிரி கறுத்துக் கிடந்தது. இந்தத் தொழில் செய்யும் ஒரு பாக்டீரியா நம் நாட்டு எம்பொனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், வெயிலும் ஆக்சிஜனும் இல்லாமல் ஏறக்குறையத் தன்னந்தனியாகக் குடியிருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அங்கே வேறு யாருக்கும் பிழைக்க வழியில்லை, அதனால் ஒற்றைக் குடித்தனம். நம் குளத்தில் அந்தக் கூட்டத்துக்கு நாமே பாய் விரித்துக் கொடுத்திருந்தோம்.

மேலே படர்ந்தது நீலப்பச்சைப்பாசி. பாசி என்று பெயர், ஆனால் அதுவும் பாக்டீரியாதான். பாஸ்பேட்டும் வெதுவெதுப்பும் அசையாத தண்ணீரும் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். பிரிட்டோரியா பக்கத்து ஹார்ட்பீஸ்பூர்ட் அணை பல வருடங்களாகப் பச்சையாகிக் கொண்டிருப்பதும் நகரத்துக் கழிவுநீர் கொண்டுவரும் பாஸ்பேட்டால்தான். இதில் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நச்சை உள்ளே வைத்திருக்கும், மருந்தடித்துச் செல்லை உடைத்தால் அது தண்ணீரில் கலந்துவிடும். அப்படியானால் நாங்கள் செய்தது வெறும் வீண்செலவு மட்டுமல்ல.

சரி, தீனி எங்கிருந்து வந்தது? பழியை மொத்தமாக வெள்ளத்தின்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அபிஷேகப் பாலும் தயிரும் பஞ்சாமிர்தமும் கோமுகி வழியாக நேராகக் குளத்துக்குத்தான் போகிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. பால் அழுகும்போது இழுக்கும் ஆக்சிஜன், அதே அளவு வீட்டுச் சாக்கடை இழுப்பதைப்போல நூறு மடங்குக்கும் மேல்! ஆடிக் கூழ் அண்டா கழுவின தண்ணீர் வேறு.

ஆகவே இரண்டாவது தடவை கிருமியை விட்டுவிட்டுத் தீனியை நிறுத்தினோம். சேற்றை வாரினோம். கோமுகிக்குத் தனி வாய்க்கால் வெட்டி, அபிஷேகப் பாலைத் தொட்டியில் பிடித்து வாழைத்தோட்டத்துக்கு எருவாக்குகிறோம். மழைத்தண்ணீர் சரளைக்கல்லும் நாணலும் போட்ட பாத்தி வழியாகத்தான் குளத்துக்குள் வருகிறது. கரண்ட் போனால் குளத்துக்குள் காற்று ஊதும் பம்பும் நின்றுவிடும் என்பதால் அதைச் சோலாரில் போட்டோம், 2023 லோட்ஷெடிங்கில் பட்டது போதும்.

நாணல் பாத்தி வேலை செய்யவில்லை என்று மூன்றாம் மாதமே முறையிட்டவர்கள் உண்டு. குடலில் வாழ்ந்து மலத்தோடு வெளியேறும் ஈ.கோலை பாக்டீரியா வசதியான இடத்தில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். பாத்தியின் கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழ்ந்து, தண்ணீரிலுள்ள அம்மோனியாவை மாற்றும் நைட்ரோசோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கு அதே காரியத்துக்குப் பல மணி நேரம் வேண்டும், ஜூலைக் குளிரில் இன்னும் மெதுவாகும். காத்திருந்தோம், வந்தது. நல்ல எண்ணத்தில் யாரும் அந்தப் பாத்தியில் பிளீச் ஊற்றிவிட வேண்டாம், அந்தக் கூட்டம் திரும்பவும் முதலிலிருந்து குடியேற வேண்டியிருக்கும்.

கடைசிப் பரிசோதனையிலும் ஈ.கோலை கொஞ்சம் இருந்தது. குடிநீர் என்றால் 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. எனவே குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ள வேண்டாம், வாயிலும் வைக்க வேண்டாம்; தீர்த்தத்துக்குக் குழாய்த் தண்ணீர்தான்.

மண்டப ஜன்னலில் இருக்கும் கண்ணாடிப் பாட்டில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பழைய குளத்துச் சேற்றோடு முட்டைக் கருவும் காகிதத் துண்டும் போட்டு வெயிலில் வைத்தது. வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1880களில் செய்து காட்டிய வித்தை. அடியில் கறுப்பு, அதன்மேல் ஊதா, துருநிறம், உச்சியில் பச்சை என்று அவரவர் இடத்தில் அவரவர் குடியேறியிருக்கிறார்கள். பார்க்கலாம், மூடியை மட்டும் திறக்காதீர்கள். போன வாரம் ஒருவர் திறந்துவிட்டார், பஜனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.