மரக்கன்று சும்மா கிடைக்கும், பங்காளி

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எதிர்வீட்டுக்கு யார் வருகிறார்கள், எந்தக் கலர் சேலையில் போகிறார்கள் என்று எனக்கே தகவல் சொல்கிறார். மழைதான் போக்குக் காட்டுகிறது.

சரி, உன் நிலத்துக்கு வருகிறேன். சீமைக் கருவேலை எடுத்தாகிவிட்டது, மூன்று ஏக்கரிலும் ஆயிரம் கன்று வைத்துவிடலாம், கன்றுக்கு என்ன பெரிய செலவு என்று எழுதியிருந்தாய். கன்றுக்குச் செலவே இல்லை. வேளாண்துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வனத்துறை நாற்றங்காலிலிருந்து இலவசமாகவே தருகிறார்கள். வரப்பில் மட்டும் வைத்தால் ஏக்கருக்கு 50, நிலம் முழுக்க வைத்தால் 160. இரண்டாம் வருஷத்திலிருந்து நான்காம் வருஷம் வரை, உயிரோடு நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் வருஷம் 7 ரூபாய் ஊக்கத்தொகை. ஒரு டீக்குக்கூட வராது, ஆனாலும் நட்டதற்குத் தராமல் பிழைத்ததற்குத் தருகிறார்கள் பார், அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆயிரம் வேண்டாம், முந்நூறு வை. தண்ணீரைக் கணக்குப் போட்டுப் பார். பத்து நாளைக்கு ஒரு தடவை கன்றுக்கு ஒரு குடம், பத்து லிட்டர் என்று வை. ஆயிரம் கன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர், டிராக்டர் டேங்கரில் இரண்டு நடை. மாசியில் ஆரம்பித்தால் ஆவணி வரை ஊற்றியாக வேண்டும், அதுவும் இரண்டு கோடைக்காவது. முந்நூறு என்றால் ஒரு டேங்கரிலேயே மீதி இருக்கும். இங்கே பக்கத்து ஊர்க் கண்மாய்க் கரையில் போன வருஷம் ஒரு அமைப்பு வந்து பந்தல் போட்டு, மைக் கட்டி, ஒரே நாளில் நட்டுவிட்டுப் போனது. பாதிக் கன்றை பிளாஸ்டிக் பையோடவே குழிக்குள் இறக்கியிருந்தார்கள். சித்திரைக்கு அங்கே நின்றதெல்லாம் குச்சிகள்தான்.

அப்புறம், கன்று வாங்கும்போது ஆளுயரக் கன்றைப் பார்த்து மயங்காதே. ஒரு அடி, மிஞ்சினால் ஒன்றரை அடிக் கன்று போதும். நான் நாற்றங்காலுக்குப் போனால் ஒன்றிரண்டு பையைக் கிழித்து வேரைப் பார்ப்பேன், அங்கே வேலை செய்கிற அக்காவுக்கு அது அறவே பிடிக்காது. சின்னக் கன்றில் ஆணிவேர் நேராக இறங்கி, வெள்ளை நுனியோடு இருக்கும். நாளான பெரிய கன்றில் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, வேர் பையின் அடியில் பிரிமணைபோலச் சுற்றிக் கிடக்கும். இல்லையென்றால் பையைத் துளைத்துக்கொண்டு கீழே தரைக்குள் போயிருக்கும், தூக்கும்போது படக்கென்று அறும். மேலே தழைத்திருப்பதற்குத் தண்ணீர் கொடுக்கக் கீழே வேர் இருக்காது. சின்னதோ புதுமழை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வேரை முதலில் இறக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் பெரிய கன்றை எட்டிப்பிடித்துவிடும். விலை குறைந்ததே நல்லதாகவும் இருப்பது நம் வாழ்க்கையில் எத்தனை தடவை நடக்கிறது? வாங்கிக்கொள்.

என்ன மரம் என்பதில்தான் உன்னோடு எனக்குச் சண்டை. மகாகனியும் செம்மரமும் கேட்டிருக்கிறாய். காசுக்கு என்றால் அது வேறு பேச்சு. பறவை வரணும், மண் தேறணும் என்று நீயே எழுதிவிட்டு அந்தப் பட்டியலைப் போட்டால் எப்படி? சுற்றிலும் தைலமரம் நிற்கிற ஊரில் இன்னொரு ஒரே சாதி மரக்காடு எதற்கு? சீமைக் கருவேலும் ஒருகாலத்தில் விறகுக்கு ஆகும், வறட்சி தாங்கும் என்று கொண்டுவந்ததுதானே.

நம் அய்யனார் கோயில் காட்டை நினைத்துப் பார். மண்குதிரைகளுக்குப் பின்னால் உலக்கைப்பாலை, வீரை, காசான், உசிலை எல்லாம் யார் தண்ணீர் ஊற்றி நிற்கின்றன? புதுக்கோட்டைச் சீமையின் சரளை மண்ணுக்கு உரியவை அவைதான். ஒரே சிக்கல், வீரையும் பாலையும் நாற்றங்காலில் சுலபமாகக் கிடைக்காது, வளர்வதும் ஆமை வேகம். புதுச்சேரி பக்கத்து ஆரோவில்லில் 1968க்குப் பிறகு குடிவந்தவர்கள் வெறும் செம்மண் பொட்டலில் முதலில் ஆஸ்திரேலிய வேலமரம் மாதிரி வேகமாக வளர்கிற மரங்களை வைத்து நிழல் உண்டாக்கி, அந்த நிழலுக்குக் கீழே நம் காட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். நீ வெளிநாட்டு மரத்துக்குப் போக வேண்டியதில்லை. இந்த வருஷம் வேம்பு, புங்கன், உசிலை, நாவல் வை. தண்ணீர் தேங்குகிற கீழ்மூலையில் மட்டும் நீர்மருது. மூன்று நாலு வருஷத்தில் கொஞ்சம் நிழல் கட்டினதும் வீரையும் பாலையும் இடையில் போடலாம். அதற்கான விதையை அய்யனார் காட்டில் பொறுக்க, கோயில் பூசாரி வேளாரிடம் நான் பேசி வைக்கிறேன். அந்தக் காட்டிலிருந்து சுள்ளிகூட எடுக்க மாட்டார்கள், உனக்குத் தெரியும். கேட்டுவிட்டுச் செய்வதுதான் மரியாதை.

இலுப்பை வேண்டும் என்று உன் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பாரே, அதற்கு இந்த வருஷம் கன்றுதான் வாங்க வேண்டும். விதைக் காலம் முடிந்துவிட்டது. இலுப்பை, வேம்பு, நாவல் எல்லாமே பழம் விழுந்த சூட்டோடு ஊன்ற வேண்டிய விதைகள். டப்பாவில் போட்டு வைத்தால் சில வாரத்தில் முளைப்பு போய்விடும். புங்கன் விதை மட்டும் மாசக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும்.

பனம்பழம் இப்போதுதான் விழுகிறது. கன்றே தேவையில்லை, கொட்டையைப் பொறுக்கி எல்லையோரம் பத்தடிக்கு ஒன்று புதைத்தால் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடிப் பக்கம் தென்னந்தோப்புகள் கிடந்த கிடையை நாம் சேர்ந்துதானே போய்ப் பார்த்தோம். பனை அசையவில்லை. இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பனையை வெட்ட இப்போது ஆட்சியர் அனுமதி வேண்டும், அதனால் சர்வேயரை வைத்து எல்லையை அளந்துவிட்டு ஊன்று, சித்தப்பா வீட்டு வில்லங்கம் நமக்கு வேண்டாம். இன்னொன்று, பொங்கலுக்குப் பனங்கிழங்கு ஆயிற்று என்று நம் ஊர்ப் பயல்கள் தோண்டிவிடுவார்கள். அவர்களுக்கென்று வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி நானே போட்டுவிடுகிறேன்.

ஆடுதான் பெரிய தலைவலி. புங்கனை அவ்வளவாகத் தொடாது, நாவலையும் உசிலையையும் விடாது. வெட்டிப் போட்ட கருவேல முள்ளை விற்றுவிடாதே, கன்றைச் சுற்றிப் படல் கட்ட அதைவிட மலிவான வேலி கிடையாது. கருவேல் தூரில் மறுபடி துளிர்க்கும், மண்ணில் கிடக்கிற விதையும் முதல் மழைக்கே முளைக்கும். குருத்தாக இருக்கும்போதே பிடுங்க மாசம் ஒருநாள் ஆள் விட வேண்டும். அந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

குழிகளைப் புரட்டாசியிலேயே ஒன்றரை அடிக்கு எடுத்து ஆறப் போட்டுவிடுகிறேன். ஐப்பசியில் மண் நன்றாக நனைந்ததும் நடலாம். இலவசக் கன்றுக்கு வேளாண்துறையின் உழவன் செயலியில் பதிய உன் பட்டா, அடங்கல் நகலும் ஆதாரும் வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பு. பட்டா இன்னும் அப்பா பேரிலேயே இருந்தால் அதை முதலில் சொல். தீபாவளிக்கு வரும்போது நாலு நாள் கூடுதலாக லீவு போட்டுக்கொண்டு வா. தங்கச்சியிடமும் மகளிடமும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி