பிரான்சிஸ் டே துரைக்கு ஒரு கடிதம்

மரியாதைக்குரிய டே துரை அவர்களுக்கு,

வணக்கம். திருவல்லிக்கேணியிலிருந்து எழுதுகிறேன். ஆகஸ்ட் வந்தாலே எங்கள் தெருவில் உங்கள் பெயர் அடிபட ஆரம்பித்துவிடும்.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வாங்க இடம் தேடி வந்தீர்கள். இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் நீங்கள் எழுதி வாங்கிய இடத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. கடல் வாணிபம் செய்ய வந்தவர், துறைமுகமே இல்லாத மணல்வெளியைப் பிடித்திருக்கிறீர்கள்! கப்பலெல்லாம் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளை உருட்டித் தள்ளும் அலையில் மசூலாப் படகு ஓட்டி, சரக்கையும் துரைமார்களையும் கரை சேர்த்தது எங்கள் கடற்கரைக்காரர்கள்தான். சாந்தோமில் இருந்த காதலிக்குப் பக்கத்தில் இருக்கத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு பழைய வம்பு உண்டு. துணி மலிவு என்ற காரணத்தைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஆனால் ‘மெட்ராஸ் நகரத்தை நிறுவியவர்’ என்று உங்களைச் சொன்னால் எங்கள் தெருப் பாட்டிகள் விடமாட்டார்கள்.

2004இல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூவரும் நகரத்தின் பிறந்தநாளாக மெட்ராஸ் தினத்தைத் தொடங்கினார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அவரவர் பேட்டையில் அவரவர் நடத்தலாம் என்பதுதான் அதன் அழகு. நாங்களும் ஒரு காலை நடைக்கு ஆள் சேர்த்தோம். எங்கிருந்து தொடங்குவது என்று மூன்று நாள் வாக்குவாதம். கோட்டையிலிருந்து என்றார் ஒருவர். “பெருமாள் கோயிலில் தந்திவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. துரை எண்ணூறு வருஷம் கழிச்சு வந்தவர், வரிசையில நிக்கட்டும்” என்றார் ஒரு பாட்டி. அத்தோடு பேச்சு முடிந்தது.

அப்புறம் வேலைகள் தானாகப் பிரிந்தன. பூக்கார அக்கா தன் கடையைச் சற்று உள்ளே தள்ளிப் போட்டு வழிவிட்டார். மெக்கானிக் பையன்கள் வண்டிகளை ஓரங்கட்டினார்கள். ஒரு பள்ளி மாணவி உங்களுக்காகப் பேரம் பேசிய துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) பேரி திம்மப்பாவைப் பற்றிப் பேசினாள். திம்மப்பா இல்லாமல் நாயக்கரிடம் என்ன மொழியில் பேசியிருப்பீர்கள் என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி, துரை. கடைசியில் டீக்கடை வாசலில்தான் உங்கள் முறை வந்தது. அதற்குள் பாதிப் பேர் வடை தின்னப் போயிருந்தார்கள். மீதிப் பேர் கைதட்டினார்கள்.

ஒரே ஒரு உதவி. நாயக்கர் எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகலில் ஜூலை 22 என்று இருக்கிறது. நீங்கள் இங்கே வந்து சேர்ந்ததே அதற்குப் பிறகுதான் என்கிறார்கள். அதனால் நாங்கள் ஆகஸ்ட் 22ஐ வைத்துக்கொண்டோம். இந்த வருடம் காலை ஆறு மணிக்கு, கோயில் குளத்தங்கரையில் கூடுகிறோம். வந்து சரியான தேதியைச் சொல்லிவிடுங்கள். திம்மப்பாவையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
திருவல்லிக்கேணிக்காரி