இடமில்லை

ஹட்டன்,
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

நான்கு மாதமாக நான் வாயே திறக்கவில்லை. பிழை என்னுடையதுதான், திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. மழை விட்டபாடில்லை. மொட்டைக்கு ஒருவழியாகப் பெண் பார்த்துவிட்டார்கள். சமோசா கதையைப் பெண் வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கித் திரிகிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் தம்பியை அழவைத்துவிட்டேன். அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், உன்னைப் போல வாயாடி இல்லையே. அதனால் நானே சொல்கிறேன்.

எல்ல ஊர்ப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு வெப்சைட் செய்கிறோம். முதலாளிக்கு ஒரே பிடிவாதம்: பச்சை என்றால் கொழுந்துப் பச்சை, முற்றின இலைப் பச்சை ஆகாது. அந்த வேலை தம்பிக்கு. நம் காலம் போல, பக்கத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் சொல்லும் ஸ்டைல் ஷீட்டை நேரே திருத்துவது இப்போது இல்லை. சாஸ் என்ற மொழியில் எழுதுகிறான், அது பிரவுசருக்குப் புரிகிற சிஎஸ்எஸ் ஆக மாற வேண்டும், பிறகுதான் பிரவுசருக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் கையால் கட்டளை அடித்தால் விடிந்துவிடும் என்று ஒரு வாட்சரை ஓடவிட்டிருக்கிறோம். ஃபைலைச் சேவ் செய்தால் போதும், அதுவே பார்த்து எல்லாவற்றையும் மறுபடி கட்டிவிடும். பழகிய பிறகு அப்படி ஒன்று ஓடுவதே மறந்துபோகும். வினை வந்ததும் அங்கேதான்.

திங்கட்கிழமை தம்பி பச்சையை மாற்றுகிறான், பிரவுசரில் பழைய பச்சை. மறுபடி மாற்றுகிறான், அதே பச்சை. முதலாளி வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அண்ணே, சேவ் பண்ணிட்டேன்" என்றான். "பண்ணியிருந்தா மாறாதாடா? நேத்து பிறந்தவனா நான்?" என்று கத்தினேன். இன்னும் சிலதும் சொன்னேன், எழுதக் கூசுகிறது.

சாயந்தரம் பார்த்தால், மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் வாட்சர் செத்துக் கிடக்கிறது. கடைசி வரியில், டிஸ்கில் இடமில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி. எனக்கு இன்னும் கோபம். மெஷினில் இவன் வீடியோக்களைக் குவித்து வைத்திருக்கிறானே, அதுதான் காரணம் என்று முடிவு கட்டி, அந்த ஃபோல்டரையே அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அவன் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வாட்சரைத் திரும்ப ஓட்டினேன். அதே வரி! பிறகுதான் புத்தி வந்து டிஸ்கைப் பார்த்தேன்: 61 ஜிபி சும்மா கிடக்கிறது.

இரவு இரண்டு மணி வரை நோண்டினேன் மச்சான். லினக்ஸில் 2005 முதல் ஐநோட்டிஃபை என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் வாட்சர் ஒவ்வொரு ஃபைலாகப் போய் "நீ மாறினாயா, நீ மாறினாயா" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் பழைய கங்காணி நிரை நிரையாக நடந்து ஒவ்வொரு கூடையாக எட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. ஐநோட்டிஃபை இருந்தால், மாறினதும் லினக்ஸின் மையமான கர்னலே கூப்பிட்டுச் சொல்லும். ஆனால் ஒரு ஃபோல்டரைக் கவனிக்கச் சொன்னால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை அது தானாகக் கவனிக்காது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஓர் ஆளுக்கு இத்தனைதான் என்று கணக்கும் உண்டு. என் கிழட்டு மெஷினில் அது 8192. (2021இல் வந்த 5.11 கர்னலிலிருந்து மெமரியைப் பார்த்து அதுவே கூட்டிக்கொள்கிறது. நான் மாறவில்லை, உனக்குத் தெரியும் என்னை.) வெளியிலிருந்து இறக்கிய நிரல்கள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் மட்டும் ஆயிரக்கணக்கில் ஃபோல்டர்கள், போதாததற்கு எடிட்டரும் அதே கணக்கிலிருந்து எடுக்கிறது. கணக்கு முடிந்ததும் கர்னல் என்ன சொல்ல வேண்டும்? கவனிக்க இனி முடியாது என்று சொல்ல வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு பிழைச் செய்தி இல்லாமல், டிஸ்க் நிறைந்தால் சொல்லும் பழைய செய்தியையே தூக்கிப் போடுகிறது. இடமில்லையாம்!

நீ மேக், மேக் என்று பாடுவாயே, மாறின ஃபைல்களைப் பார்த்து மறுபடி கட்டித் தரும் அந்தப் புரோகிராம், அதன் கதையும் இதுதான். 1976இல் அமெரிக்காவின் பெல் லேபில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதக் காரணமே, கூட வேலை செய்த ஒருவர் ஏற்கெனவே திருத்திய புரோகிராமில் பிழை தேடி ஒரு காலைப் பொழுதை வீணாக்கியதுதான். திருத்தியிருந்தார், அதைத் திரும்பக் கம்பைல் செய்ய, அதாவது மெஷின் ஓட்டும் வடிவத்துக்கு மாற்ற, மறந்திருந்தார். அவர் விதியைத்தான் நொந்துகொண்டார். நான் ஒரு பையனைப் போட்டு வறுத்தேன்.

நோட் மாட்யூல்ஸை விலக்கச் சொல்லி, எல்லையையும் 524288 ஆக்கினேன். ஒரு நொடியில் கொழுந்துப் பச்சை வந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

இரண்டு நாள் அவன் வரவில்லை. புதன்கிழமை உன் வீட்டுக்கே ஏறிப் போனேன். உன் அம்மா ரொட்டியும் சம்பலும் வைத்து, பிளேன் டீ ஊற்றித் தந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணே" என்றான். வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னான்: அழிந்தது இந்த மாசியில் அவன் எடுத்த காமன் கூத்து வீடியோக்கள். உன் அப்பா விடிய விடியத் தப்பு மேளம் அடித்தது முழுவதும் அதில் இருந்ததாம். தோள் விடவில்லை, அடுத்த வருஷம் தப்பைத் தூக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டாராம். எனக்குக் கீழே இறங்கக் கால் வரவில்லை.

மீட்டெடுக்கும் மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். ஃபைல் பெயர்கள் வந்தன, படம் வரவில்லை.

மாசியில் உனக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு துண்டு அனுப்பினானாம். நீ இன்னும் திறக்கவில்லை, நீலக் கோடு விழவில்லை என்கிறான். (அதற்கு உன்னைத் தனியாகக் கவனிக்கிறேன்.) உன் போனில் இறங்கியிருக்கிறதா என்று இன்றைக்கே பார். தெளிவு குறைந்திருந்தாலும் அனுப்பு. இடமில்லை என்று உன் போன் சொன்னால், தயவுசெய்து எதையும் அழித்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்