ஞாயிறு மாலை மருத்துவ அறை: திருப்பூர் ஒருபாலீர்ப்பாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் டிசம்பர் 1 எய்ட்ஸ் தின நிகழ்ச்சியும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு தவறாமல் கூடியது.

இனி, பால்வினைத் தொற்றுகளைப் பார்க்க நம் சங்கம் நடத்தும் ஞாயிறு மாலை மருத்துவ அறை. அரசு நம்பிக்கை மையம் இருக்கும்போது இது எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். அந்த மையத்தை நான் குறை சொல்லவில்லை, எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம். ஆனால் இரவெல்லாம் பஸ் நிலையத்தில் கண்விழித்தவரும், பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்தவரும் காலை வரிசையில் போய் நிற்பார்களா? சீட்டு எழுதும் இடத்தில் பத்துப் பேர் காதுபட "என்ன தொந்தரவு?" என்றால், வயிற்றுவலி என்று சொல்லித்தான் நம்மில் பலர் திரும்பியிருக்கிறோம். சிறுநீரை மட்டும் சோதித்தால் தொண்டையிலும் ஆசனவாயிலும் உள்ள தொற்று தெரியாமலே போகும். நம் அறையில் மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு, முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் பார்க்கிறார்.

ஆடி மாதம் சாயப்பட்டறைத் தம்பி ஒருவர் வந்தார். உள்ளங்கை இரண்டிலும் செம்பு நிறப் புள்ளிகள், அரிப்பு இல்லை. "கெமிக்கல் பட்டிருக்கும் அண்ணா" என்று மருந்துக்கடைக் களிம்பை மூன்று வாரமாகத் தடவியிருக்கிறார். மருத்துவர் செருப்பைக் கழற்றச் சொன்னார். உள்ளங்காலிலும் அதே புள்ளிகள். ரத்தப் பரிசோதனையில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் என்று உறுதியானது. 24 லட்சம் யூனிட் பென்சாதைன் பென்சிலின் ஊசி, ஒரே தவணையில் முடிந்தது. விட்டிருந்தால் புள்ளிகள் தாமாகவே மறைந்திருக்கும், நோய் உள்ளே தங்கியிருக்கும். இந்த ஒருவருக்காகவே அறையைத் திறந்தது தகும் என்பேன்.

உறவின்போது வழுவழுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதை நம்மவர்கள் இன்னும் விடவில்லை. எண்ணெய் பட்டால் ஆணுறை இற்றுக் கிழியும். அதற்குப் பதிலாகத் தண்ணீரில் ஆன வழுவழுப்புப் பசைப் பொட்டலங்கள் அலமாரியில் இருக்கின்றன, கேட்காமலே எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்துவிட்டால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யுங்கள், அரசு மருத்துவமனைக்கு உடன் வருகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நன்கொடையும் சந்தாவும் வாடகைக்கும் கையுறைக்குமே சரியாகப் போயின.

சந்தா மாதம் 50 ரூபாய். சித்திரை முதல் தராதவர்கள் பலர். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய மறுநாள்தானே ஞாயிறு? ஆவணிக் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்து, கூட்டம் நடத்தப் போதிய ஆள் (கோரம்) இல்லாமல் கலைந்தோம். வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கும் உண்டு. 2018 செப்டம்பர் 6 அன்று 377-ஆம் பிரிவு வழக்கில், வயது வந்தோர் மனமொத்த ஒருபாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதால் என் தெருக்காரர்கள் மாறிவிடவில்லை. அதனால்தான் மருத்துவ அறைப் பதிவேட்டில் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் எழுதுகிறோம். அதற்குப் பின்னும் வராதிருப்பது மனதை வருத்துகிறது.

மருத்துவருக்கும், செவிலியருக்கும், களப்பணித் தோழர்களுக்கும், வாடகை தாமதமானபோது பொறுத்துக்கொண்ட கட்டட உரிமையாளருக்கும் நன்றி.

தை மாதத்தோடு அறையின் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க முன்பணம் வேண்டும். இன்றைய கையிருப்பில் அது இல்லை. சந்தா நோட்டும் ஞாயிறு முறைப்பட்டியலும் வாசல் மேசையில் இருக்கின்றன. மாசிக்குப் பிறகு முறைப்பட்டியலில் என் பெயர் ஒன்றுதான் எழுதியிருக்கிறது.

செயலாளர்